யாளி கண் திறந்த நாற்பது நொடி

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டு, பழையதும் இல்லாமல் புதியதும் வராமல், மங்கிப்போன தெருவில் நின்றுகொண்டிருந்தேன். பூக்கடை எது, பலகாரக் கடை எது என்று மணத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அப்போது இசைக்கருவி விற்கும் கடையின் கதவிடுக்கிலிருந்து அந்த ஒலி வந்தது. வீணைக் கம்பி ஒன்று. தளர்ந்த கம்பி. யாரோ அதை மீட்டிக்கொண்டே முறுக்குகிறார்கள். ஒலி மேலே ஏறுகிறது, தயங்குகிறது, மயிரிழை அளவு கீழே வழுக்குகிறது, மறுபடி ஏறுகிறது. நண்பகல் வெயிலில் எனக்குக் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது.

"ஆன்டி! நடுரோட்டுல நின்னு என்ன கனவா?" என்று மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் சத்தம் போட்டார். நகர்ந்தேன். ஆனால் அந்த ஒலி என்னோடு நகர்ந்தது. அதைக் கேட்டால் ஒரு கண் திறக்கும். என் கண் அல்ல. மரத்தில் செதுக்கிய கண்.

அதே வாரம் கவிதா போன் செய்தாள். என்னோடு ஒன்பது வருடம் வேலை பார்த்தவள், இப்போது வேறொரு ஸ்டூடியோவில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

"அக்கா, இப்பல்லாம் பாட்டைப் போட்டா சாஃப்ட்வேரே தாளத்தக் குறிச்சுக் கொடுத்துருது. ஆனா ஆலாபனையப் போட்டா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குதுலா. வெறும் கோடு. நீங்க அந்த வீணைப் படத்த எப்படிக்கா பண்ணீங்க?"

"தப்பாப் பண்ணோம்."

"விளையாடாதீங்கக்கா."

"நெஜமா. தப்பாப் பண்ணிட்டு, அப்புறம் ஒரு நாலு நொடி சரியாப் பண்ணோம். போன்ல சொன்னா புரியாது. எழுதி அனுப்புறேன்."

அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கழுத்தெலும்பு தேய்ந்து, கண்ணுக்குள் பூச்சி பறக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். அதற்குமுன் இருபத்தெட்டு வருடம், சுங்கை வேயில் மின்விசிறி பழுது பார்க்கும் கடைக்கு மேல் மூன்றாவது மாடியில், கையால் வரைந்து அசைய வைக்கும் படங்களைச் செய்தோம். பிறந்தது டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில். அப்பா லோரி ஓட்டினார். வீட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு, திருவிழா என்றால் உறுமி. சாஸ்திரிய சங்கீதம் என்பது ரேடியோவில் காலையில் யாரோ அழுவதுபோல் வருவது. அம்மா உடனே ஸ்டேஷனைத் திருப்பிவிடுவாள். இது பின்னால் தேவைப்படும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

முதல் ஏழு வருடம் இடைப்படம் போட்டேன். மூத்தவர்கள் கை கீழே இருக்கிற படத்தையும் கை மேலே இருக்கிற படத்தையும் வரைந்து தருவார்கள். நடுவே கை ஏறுகிற பத்துப் பன்னிரண்டு படங்களை நான் வரைய வேண்டும். பற்பசை விளம்பரத்துக் கிருமிகள், சாலையைப் பார்த்துக் கடக்கிற முயல், ஆடுகிற பிஸ்கட். கை ஏறியது, கை இறங்கியது. ஏழு வருடத்தை அந்த ஒரு வரியிலேயே மூடிவிடலாம். எட்டாவது வருடம் என்னை டைமிங் மேசையில் உட்கார வைத்தார்கள்.

டைமிங் மேசையில் வரைவது இல்லை. எண்ணுவது. ஒரு முழம் நீளத் தாள், கோடு போட்ட வரிசைகள். ஒரு வரிசை ஒரு பிரேம். ஒரு நொடிக்கு இருபத்தைந்து பிரேம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை ஒரு அரை நொடி ஓட்டி, நிறுத்தி, திருப்பி, எந்த வரிசையில் அடி விழுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு அந்தப் புள்ளியில் கால் தரையைத் தொட வேண்டும், கதவு சாத்த வேண்டும், கண் சிமிட்ட வேண்டும் என்று எழுதுவது. ஆறு நிமிடப் பாட்டு என்றால் ஒன்பதாயிரம் வரிசை. ஒரு மாதம் காதிலேயே குடியிருப்பேன். மேற்கத்திய இசைக்குழு என்றால் எனக்கு மகிழ்ச்சி. அடி தண்டவாளக் கட்டை மாதிரி சீராக விழும், கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைக்கலாம்.

எங்கள் இயக்குநரைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் போக முடியாது. அவர் பெயர் சூ லிங். நாங்கள் எல்லோரும் பாஸ் என்போம். சாலாக் செலாத்தானில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்த சீனப் பெண். தெருவில் விளையாடிக் கற்ற தமிழ், அதனால் அவர் தமிழில் மரியாதை விகுதி எப்போது வரும், எப்போது வராது என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு வயதுக் காய்ச்சலில் வலது காது போய்விட்டது. எதையாவது உண்மையாகவே கேட்க வேண்டுமானால் தலையைச் சாய்த்து இடது காதை முன்னால் நீட்டுவார். கண் பாதி மூடும். கீழுதடு கொஞ்சம் தொங்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வயதே இருக்காது.

திட்டமாட்டார். சிவப்புப் பென்சிலை வரைந்த தாளின்மேல் படுக்க வைத்துவிட்டுப் போனால், சரி. தாளின் ஓரத்தில் ஒரு குட்டி வாழைப்பழம் வரைந்திருந்தால், அளவுக்கு மீறிப் பழுத்துவிட்டது, இனிப்பு கூடிவிட்டது, மறுபடி போடு என்று அர்த்தம். கவிதா ஒருமுறை ஒரே காட்சிக்கு ஒரு சீப்பு வாங்கினாள்.

பாஸுக்கு ஒரு கதை உண்டு. புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வார். பள்ளிக்கூட நாளில் ஒரு மண்டபத்தில் ஏதோ ஓர் அயல்நாட்டுக் கார்ட்டூன் போட்டார்களாம். வசனம் கிடையாது, வயலின் இசை மட்டும். வில்லெல்லாம் மெல்ல மெல்லப் பூச்சியின் காலாக மாறி, வாசிக்கிறவர்களின் தோளில் ஏறிப் போனதாம்.

"மூணு நாள் காய்ச்சல் எனக்கு. அம்மா திட்டு. ஆனா விஜயா, அன்னைக்கு மண்டபத்துல இருநூறு பிள்ளைங்க. போய்க் கேளு. வயலின்னா என்னன்னு இருநூறு பேரும் செத்தாலும் மறக்காது. அழகா ஒரு பூ காட்டியிருந்தா, ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கும்லா."

எனக்கு இதில் முதலில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகளை ஏன் பயமுறுத்த வேண்டும்? ஆனால் வருடக்கணக்கில் அவர் செய்வதைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவர் பயமுறுத்தவில்லை. இசைக்குள் ஏற்கெனவே இருக்கிற பயத்தை அவர் மறைக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய இசையில் எப்போதும் ஒரு மூலை இருட்டாக இருக்கிறது. மற்றவர்கள் அந்த மூலையில் பூந்தொட்டி வைப்பார்கள். பாஸ் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு நம்மை உட்காரச் சொல்வார்.

ஒரு தொலைக்காட்சி நிலையம் சிறுவர்களுக்காக சாஸ்திரிய இசைக் கருவிகளைப் பற்றி ஆறு படங்கள் கேட்டது, ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். கடைசிப் படம் வீணை. சாந்தமாக இருக்கட்டும், அன்னம், தாமரை எல்லாம் வரட்டும் என்றார்கள். பாஸ் அவர்களுக்கு முன்னால் பவ்வியமாகத் தலையை ஆட்டினார். படியில் இறங்கும்போது, "தாமரையாம். சோப்பு விக்கிறோமா?" என்றார்.

வீணை வாசித்தவர் கிள்ளானில் இருந்த சிவகாமி டீச்சர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நாற்பது வருடமாக வீட்டு முன்னறையில் வீணை சொல்லிக் கொடுத்தவர். கச்சேரி மேடை ஏறியதில்லை, ஒரு நாடா கூடப் பதிவானதில்லை. கிள்ளானிலும் ஷா ஆலமிலும் வீணை தெரிந்த பெண்ணை நிறுத்திக் கேட்டால் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள்.

பதிவுக்கு அவர் வீட்டுக்கே போனோம். பின்னால் ரயில் பாதை. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் வாசிக்க வேண்டும். எங்கள் ஒலிப்பதிவாளர் ராஜு அண்ணன் ஜன்னலில் மெத்தையைச் சாய்த்துவிட்டு, "டீச்சர், நான் ஒரு தடவ ஓட விட்டா கடைசி வரைக்கும் நிறுத்த மாட்டேன், நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார். அதுதான் அவர் வழக்கம். தும்மலும் துணிச் சலசலப்பும் எல்லாம் பதிவாகும்.

வீணை சுவரோரம் பாயில் படுத்திருந்தது. தண்டின் முனையில் குனிந்திருக்கும் யாளித்தலை தெரியவில்லை. நீலப் பூப் போட்ட கைக்குட்டை ஒன்றால் அதன் முகத்தை மூடி, கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. டீச்சர் வாசிக்க உட்கார்ந்த பிறகும் அதை அவிழ்க்கவில்லை.

"துணி எதுக்கு டீச்சர்?" என்று கேட்டேன்.

"தூசி."

அவ்வளவுதான் சொன்னார். வீணையின் மற்ற இடங்களில் தூசி இருந்தது.

திரும்பும் வழியில் ஷா ஆலம் தாண்டியதும் பாஸ் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்தத் துணிக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

"மரம் பாஸ்."

"மரத்துக்கா அந்தம்மா ரெண்டு முடிச்சு போட்டாங்க?"

படம் அங்கே பிறந்தது. கதை இவ்வளவுதான்: மழை இருட்டிய பிற்பகல். வீட்டில் ஒரு சிறுமி தனியாக. சுவரோரம் வீணை, அதன் முனையில் துணி மூடிய தலை. முடிச்சு அவிழ்கிறது. துணி விழுகிறது. யாளி கண்ணைத் திறக்கிறது. பாட்டு தாளத்தோடு தொடங்கியதும் சிறுமி அதன் பிடரியில் ஏறி, கூரையைத் தாண்டி, கிள்ளான் ஆற்றின்மேல் போய்விடுவாள். அது பிற்பாதி, ஒரே ஓட்டம், ஒரே ஆனந்தம். முற்பாதிதான் எங்களைக் கொன்றது.

ஏனென்றால் முற்பாதி ஆலாபனை. தாளம் கிடையாது. கட்டை இல்லாத தண்டவாளம். புள்ளி வைக்க இடமில்லாமல் மூன்று நாள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஹெட்போனில் ஒலியைக் கூட்டியபோது, கம்பிக்குப் பின்னால் டீச்சரின் மூச்சு கேட்டது. ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு. பிடி முடிந்ததும் ஒரு விடுதல். நான் மூச்சைக் குறித்தேன். இழுக்கும் இடத்தில் ஒரு புள்ளி, விடும் இடத்தில் ஒரு வட்டம். இழுக்கும்போது படம் அசையக்கூடாது. விட்ட பிறகு அசையட்டும். பாஸ் தாளைப் பார்த்தார். சிவப்புப் பென்சிலைப் படுக்க வைத்தார்.

அந்தப் பதிவின் தொடக்கத்தில் மட்டும் ஒரு நாற்பது நொடி விசித்திரமாக இருந்தது. ஒரே ஒரு கம்பி, மெல்ல மேலே ஏறியது. தயங்கியது. வழுக்கியது. அங்கே மூச்சே இல்லை. புள்ளியும் இல்லை, வட்டமும் இல்லை. எப்படிப்பட்ட ஆலாபனை இது, எவ்வளவு துணிச்சல் என்று நினைத்தேன். நாற்பது நொடி முடிவில் டீச்சர் ஒருமுறை இருமினார். இருமலை வெட்டினேன். இருமலுக்குப் பின்னால் ஏதோ கொஞ்சம் துண்டு ஒலி, அதையும் சேர்த்து வெட்டிவிட்டு அடுத்த பிடியோடு ஒட்டினேன்.

அந்த நாற்பது நொடியை பாஸ் யாளி விழிப்பதற்குக் கொடுத்தார். ஆயிரம் பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று ஐந்நூறு படம். அதுவரை எங்கள் ஸ்டூடியோவில் எதற்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

"கண்ணு மேல கீழ தொறந்தா அது பொம்ம" என்றார். "முதலைக்கு உள்ள ஒரு இமை இருக்கும் பாரு, பக்கவாட்டுல போகும். அப்படித் தொறக்கணும்."

அப்படித்தான் திறந்தது. முதலில் மரத்தில் நெடுக்காக ஒரு கீறல். கம்பி ஏற ஏற, கீறல் அகலும். கம்பி வழுக்கும்போது கண் மூடாது. உள்ளே இருப்பது மட்டும் நம் பக்கம் திரும்பும். வாய் திறக்கும். பல் எல்லாம் வீணையின் பித்தளை மெட்டுகள், இருபத்துநான்கு. தொண்டைக்குள்ளே ஓர் அறை. அதே அறை. அதே மழை, அதே ஜன்னல், அதே சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் திரும்பப் போகிறாள் என்று தோன்றும். திரும்பமாட்டாள். தொலைக்காட்சிக்காரர்கள் தாமரை கேட்டார்கள் அல்லவா, பாஸ் ஒன்று வைத்தார். யாளியின் நாக்கில். வந்து பார்த்தவர்கள் எச்சிலை விழுங்கினார்கள். ஆனால் கேட்ட தாமரை இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எத்தனையோ படம் செய்திருக்கிறேன். அந்த ஐந்நூறு தாளைக் கையில் விரித்துச் சரசரவென்று ஓட்டிப் பார்த்தபோது மட்டும் நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்திருக்கிறேன்.

ஒளிபரப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது டீச்சரை அழைத்து வந்து காட்டினோம். மூன்று மாடி ஏறி வந்தார். இடது கையில் கட்டு. பதிவு முடிந்த சில மாதத்தில் விரல் நரம்பில் அறுவை செய்திருந்தார்கள். இனி வீணைக் கம்பியை இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவர் சாதாரணமாகச் சொன்னார், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல.

படம் ஓடியது. முதலில் அவர் பெயர் வந்தது: வீணை, சிவகாமி. பிறகு மழை, துணி, கம்பி. கண் திறந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். பெருமைப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்கள்.

"இது என்ன?"

"உங்க ஆலாபனை டீச்சர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாற்பது வருட மாணவிகள் அத்தனை பேரும் நடுங்கியிருப்பார்கள். "ஆலாபனையா? ஏம்மா, நான் சுருதி சேர்த்துக்கிட்டு இருக்கேன்!"

ராஜு அண்ணன் அடக்கடவுளே என்பதுபோல மெதுவாக, "அலாமாக்" என்றார்.

வாசிப்பதற்கு முன்னால் கம்பியை முறுக்கிச் சரி செய்கிறாரே, அது. பாட்டே அல்ல. பாட்டுக்கு முன்னால் இருப்பது. டெங்கிலில் ரேடியோவைத் திருப்பி வளர்ந்தவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறது. கம்பி சுற்றிய பிருடையை முறுக்கும்போது மூச்சைப் பிடித்திருக்கிறார். அதனால்தான் அங்கே புள்ளியும் இல்லை, வட்டமும் இல்லை. யாரும் மூச்சு விடாத நாற்பது நொடியைத் தேடிப் பிடித்து, அதற்கு நான் ஒரு மிருகத்தை எழுப்பியிருக்கிறேன்.

"சுருதி சேராத கம்பி" என்றார் டீச்சர். இப்போது குரல் இறங்கியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அதுக்கு மேல என் பேரு. எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் டிவி முன்னால உக்காரும். நாப்பது வருஷமா முதல் பாடமே அதுதான். சேர்க்காம கம்பியத் தொடாதேம்பேன். இன்னொரு தடவ வாசிச்சுத் தரலாம்னா..." கட்டுப்போட்ட கையைச் சற்றே உயர்த்திக் காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான். இது இப்படியா போகணும்?"

பாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், இப்போது வாதாடுவார், வயலின் கதையைச் சொல்வார், இந்த நாற்பது நொடிதான் படத்தின் உயிர் என்பார். அது உண்மையும்கூட. மண்டபத்தில் காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவர் காத்திருந்த காட்சி அது.

"வெட்டிடலாம்" என்றார்.

"பாஸ்!" என்றாள் கவிதா.

"அவங்க கம்பி. அவங்க பேரு. விஜயா, ஆலாபனையிலேருந்து ஆரம்பி. கண்ணு ஏற்கெனவே தொறந்திருக்கட்டும்."

கண் ஏற்கெனவே திறந்திருந்தால் அது பொம்மை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை நான் மதிப்பதற்குப் பல நாள் இருந்திருக்கிறது; அந்த நாளைத்தான் முதலில் எடுப்பேன்.

டீச்சர் எழுந்தார். வாசல்வரை போய் நின்றார். "அதோட பாதியில வேற வெட்டியிருக்கீங்க" என்றார், முதுகைக் காட்டியபடி. "சேர்த்து முடிச்சேன் நான். கம்பி வந்து உக்காந்துச்சு. அத யாரு எடுத்தா?"

இருமல்.

அவர் படியிறங்குவதற்குள் நான் ஹெட்போனுக்குள் போய்விட்டேன். வெட்டாத பதிவு ராஜு அண்ணனிடம் இருந்தது. நாற்பது நொடி. இருமல். அதற்குப் பின்னால், நான் குப்பை என்று எறிந்த துண்டு: பிருடை கிர்ரென்று ஒரு கால் சுற்று. மீட்டல். கம்பி கடைசி மயிரிழையையும் ஏறி, பக்கத்துக் கம்பியோடு போய்ச் சேர்ந்து, இரண்டும் ஒன்றாக நின்றது. பிறகு மூச்சு. மூக்கால் அல்ல, வாயால், நீளமாக, நாற்பது நொடியாகப் பிடித்து வைத்திருந்தது எல்லாம் வெளியே. நான் வெட்டியது ஒரு பெண்ணின் மூச்சை.

எண்ணினேன். நான்கு நொடி. நூறு பிரேம். ஐம்பது படம்.

பாஸிடம் ஓடினேன். கேட்டார். மறுபடி கேட்டார். "சரி. இத ஒட்டினா அவங்க சுருதி சேர்த்து முடிச்சதாகும். தப்பு இருமலோட சேர்த்து நாம வெட்டினதுதான். ஆனா விஜயா, இந்த நாலு நொடியில யாளி என்ன பண்ணும்? வாயத் தொறந்து வெச்சிருக்கு. அடுத்து பிள்ளையத் தின்னுமா?"

"தெரியல பாஸ்."

"கண்ண மூடித் தூங்கிட்டா வாழப்பழம்."

"தெரியும் பாஸ்."

இரண்டு நாள் போயிற்று. கவிதா வரைந்தாள், குப்பைக்குப் போயிற்று. யாளி சிரித்தது, வாழைப்பழம். யாளி தலை வணங்கியது, இரண்டு வாழைப்பழம். மூன்றாம் நாள் காலை, கீழே விசிறிக்கடையில் எதையோ சுழல விட்டார்கள்; சக்கரம் ஒன்று உரசி, பிறகு உரசல் நின்று, சீராக ஓட ஆரம்பித்தது. பால் சேர்க்காத கோப்பி ஓவை வாய்க்குக் கொண்டுபோன பாஸ் அப்படியே நின்றார். தலை சாய்ந்தது. இடது காது முன்னால் வந்தது. கண் பாதி மூடியது. கீழுதடு தொங்கியது.

நான் பென்சிலை எடுத்தேன். பதினைந்து வருடமாக நான் படம் வரையவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கை ஏறியது.

ஐம்பது படத்தையும் நானும் கவிதாவும் மாற்றி மாற்றி வரைந்து, ஐந்தாம் நாள் பாஸ் மேசையில் வைத்தோம். அவர் தாள்களைச் சரசரவென்று ஓட்டினார். திறந்த வாயோடு நிற்கிற யாளி, கம்பி சேர்கிற அந்த இடத்தில், தலையை மெல்லச் சாய்க்கிறது. ஒரு காது முன்னால் வருகிறது. பக்கவாட்டில் திறந்த கண் பாதி மூடுகிறது. பிறகு, டீச்சர் மூச்சு விடும் பிரேமில், அதன் பிடரி முழுதும் தணிகிறது. வாய் மூடவில்லை. பல் அப்படியே இருக்கிறது. அது கேட்கிறது.

பாஸ் மறுபடி ஓட்டினார்.

"இது நான்தானே?"

கவிதா எதையோ தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்தாள்.

"எனக்கு மூக்கு இவ்வளவு பெரிசா?" என்றார். சிவப்புப் பென்சிலைத் தாளின்மேல் படுக்க வைத்தார். அதை மறுபடி எடுத்துப்போக அன்று முழுவதும் அவர் வரவில்லை.

டீச்சர் இரண்டாவது தடவை வந்தார். ஒளிபரப்புக்கு இரண்டு நாள். அவர் வேண்டாம் என்றால் வெட்டிய படம்தான் போகும் என்று பாஸ் முன்னாலேயே சொல்லிவிட்டார். இரண்டு பிரதியும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விளக்கை அணைத்தோம். பெயர் வந்தது. மழை. துணி விழுந்தது. கம்பி ஏறத் தொடங்கியது, கண் கீறியது, வாய் திறந்தது, உள்ளே அறை. டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைக் கட்டில்லாத கையால் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு விடவில்லை. நாற்பது நொடியும் விடவில்லை. இருமல் வந்தது, வெட்டாமல் விட்டிருந்தோம். பிருடை திரும்பியது. கம்பி சேர்ந்தது. யாளி தலை சாய்த்தது.

பதிவில் இருந்த டீச்சரும் நாற்காலியில் இருந்த டீச்சரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

மிச்சப் படமும் ஓடி முடிந்தது. விளக்கு போட்டதும் டீச்சர் வெட்டிய பிரதியை விரலால் ஓரமாகத் தள்ளினார். அவ்வளவுதான். பாஸ் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார், மின்விசிறிக் கடையில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருப்பதுபோல.

படம் ஒளிபரப்பானது. சில பிள்ளைகள் அழுததாகப் புகார் வந்தது. ஒரு தாய் எழுதியிருந்தாள், மகள் பயந்து போர்வைக்குள் போய்விட்டாள், பிறகு போர்வைக்குள்ளிருந்தே அந்தக் கருவியின் பெயர் என்ன என்று கேட்டாள் என்று. பாஸ் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

கவிதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சாஃப்ட்வேர் கோடு காட்டினால் கோபப்படாதே. அது சரியாகத்தான் சொல்கிறது, அங்கே அடி இல்லை. ஒலியைக் கூட்டு. யாராவது மூச்சு விடுகிறார்களா பார். விடவில்லை என்றால், அங்கேதான் ஏதோ விழித்துக்கொண்டிருக்கிறது. முதல் தடவையிலேயே வெட்டிவிடாதே.

டீச்சர் இரண்டாவது தடவை வந்த அன்று, அவரைக் கீழே டாக்ஸிவரை நான்தான் கூட்டிப்போனேன். மூன்று மாடி, ஒவ்வொரு படியாக.

"டீச்சர், அந்தத் துணி தூசிக்கு இல்லதானே?"

"சின்னதுல பயம். எங்க வீட்டு வீணைக்கு அம்மா கட்டிக் கொடுத்தாங்க. அப்புறம் அப்படியே பழகிப் போச்சு" என்றார். டாக்ஸிக் கதவைத் திறந்தேன். கட்டுப்போட்ட கையை முதலில் உள்ளே பத்திரமாக வைத்து, பிறகு தான் உட்கார்ந்தார்.

"இனிமே கட்ட மாட்டீங்கதானே?"

கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டாமயா? அது கேக்குதுன்னு இப்பத்தானே தெரிஞ்சுது!"